சாமியார் கையில் எதற்கு ஆயுதம்? ஜப்பானியக் கோயில்களில் அம்மாவோடு ஆறு நாள்

முதல் நாள்: சாகாமோத்தோ

கியோத்தோவில் ரயில் ஏறி இருபது நிமிடத்துக்குள் சாகாமோத்தோவில் இறங்கிவிட்டோம். கிழக்கே பிவா ஏரி, மேற்கே ஹியே மலை, நடுவில் சரிவாக ஊர். மலையின் உயரம் 848 மீட்டர்தான். ஆனால் 900 ஆண்டுகளுக்கு முன் கியோத்தோ அரண்மனையில் இருந்தவர்கள் இந்த மலையை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள். காரணம் மேலே இருந்த துறவிகள்.

கிளம்பும் முன் அம்மாவிடம் பயணத் திட்டத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏண்டி, எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர்தானே சாமியார்? அவர் கையில எதுக்கு ஆயுதம்?” பல வருடம் இதைப் பற்றி வாசித்திருந்தும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இருவரும் வந்திருக்கிறோம்.

ஊரே கற்சுவர். வயதான துறவிகள் மலையை விட்டு இறங்கி வந்து தங்கும் இல்லங்கள் இங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அனோ கொத்தர்கள் அடுக்கிய மதில். கல்லைச் செதுக்குவதில்லை, சாந்து வைப்பதில்லை. கிடைத்த கல்லை அதன் வாக்கிலேயே உட்காரவைத்து, இடுக்கில் சின்னக் கல்லைச் செருகிவிடுகிறார்கள். அம்மா ஒரு கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கோயிலுக்காக இப்படிச் சுவர் வைத்துப் பழகிய குடும்பங்கள்தான் பின்னால் நாடு முழுக்கக் கோட்டைகளுக்கும் அடித்தளம் போட்டன.

மதியம் ஹியோஷி சன்னதி. ஹியே மலையின் காவல் தெய்வம் இங்கேதான் இருக்கிறது. மலையில் இருப்பது புத்தர் கோயில், அடிவாரத்தில் இருப்பது ஜப்பானின் பழைய வழிபாடான ஷிண்டோவின் சன்னதி. இடைக்காலத்தில் இரண்டும் ஒரே நிர்வாகம், ஒரே அதிகாரம். இங்குள்ள தோரண வாயிலின் உச்சியில் வேறெங்கும் பார்க்காத ஒரு முக்கோணக் கூரை இருக்கிறது. சாமிக்கு வாகனம் போல இங்கே குரங்கு.

துறவிகளின் பெரிய ஆயுதம் இங்கேதான் இருந்தது. வாளோ ஈட்டியோ இல்லை, சாமிப் பல்லக்கு. மிகோஷி என்கிறார்கள். அரசவை தங்களுக்குப் பிடிக்காத தீர்ப்பு சொன்னால், மலைத் துறவிகள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்குள் இறங்கிவிடுவார்கள். கேட்டது கிடைக்காவிட்டால் நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தெய்வம் உட்கார்ந்திருக்கும் பல்லக்கை யார் நகர்த்துவது? யார் அதன் பக்கம் அம்பை ஓங்குவது?

1095-ல் ஒருவர் ஓங்கினார். மினோ நாட்டு (அன்றைக்கு ஒவ்வொரு மாகாணமும் ஒரு ‘நாடு’) நில வழக்கு ஒன்றில் ஒரு துறவி கொல்லப்பட, நியாயம் கேட்டுக் கூட்டம் வந்தது. அன்றைய முதலமைச்சர் ஃபுஜிவாரா மொரோமிச்சி படையை விட்டு விரட்டினார். துறவிகள் பல்லக்கை மலைமேல் ஏற்றிச் சாபம் இட்டார்கள். 1099-ல் மொரோமிச்சி நாற்பதைத் தொடாமலே இறந்துபோனார். அது தற்செயலா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு பல காலம் பல்லக்கு வருகிறது என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. ஷிராகாவா பேரரசர் தன் சொல்லுக்கு அடங்காதவை மூன்று என்று சொன்னதாகக் கதை உண்டு: காமோ ஆற்று வெள்ளம், பகடைக்காய், மலைத் துறவிகள்.

“அப்ப நிலத்துக்காகத்தான் சண்டையா?” என்றார் அம்மா. பெரும்பாலும் ஆமாம். வரிக்குப் பயந்த பிரபுக்களும் சின்ன நிலக்காரர்களும் தங்கள் நிலத்தைக் கோயில் பெயரில் எழுதி வைத்தார்கள். கோயில் நிலத்துக்கு வரி இல்லை, ஆளுநரின் ஆட்கள் உள்ளே வர முடியாது. ஆளுநர் சும்மா விடுவாரா? விளைச்சலைத் தூக்கிப் போக ஆள் அனுப்புவார். அதைத் தடுக்கக் கோயிலுக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஆயுதம் களஞ்சியத்தின் பின்னால் வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டாம் நாள்: ஹியே மலை

இழுவை ரயிலில் மேலே வந்தோம். 1927-ல் போட்ட பாதை, 2,025 மீட்டர், ஜப்பானிலேயே நீளமானதாம். பதினோரு நிமிடம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ஏரி முழுக்கத் தெரிகிறது. இங்கே எதற்குக் கோட்டை மதில்? செங்குத்தான காடே மதில்.

சாய்ச்சோ என்ற இளம் துறவி 788-ல் இங்கே ஒரு சின்னக் குடில் கட்டினார். அதுதான் வளர்ந்து என்ரியாகுஜி ஆனது. கிழக்கு, மேற்கு, யோகாவா என்று மூன்று வட்டாரங்கள், பள்ளத்தாக்குகள் தோறும் மடங்கள். ஹோனென், ஷின்ரான், தோகென், நிச்சிரென் என்று ஜப்பானிய பௌத்தத்தில் புதுவழி திறந்தவர்கள் பலரும் இங்கே படித்தவர்கள்தான். நாட்டின் மிகப் பெரிய கல்விக்கூடமும் மிகப் பெரிய சண்டைக் கூட்டமும் ஒரே மலையில் இருந்திருக்கின்றன.

மூலக் கோயிலான கொம்பொன் சூதோவில் 2016-ல் தொடங்கிய திருப்பணிக்காகச் சாரம் கட்டி மூடியிருந்தார்கள். உள்ளே போகத் தடையில்லை. நாம் நிற்கும் தளத்தைவிடச் சன்னதியின் தரை மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கீழே இருட்டு. அந்த இருட்டுக்குள் பீடம் எழும்பி வந்து, புத்தரும் விளக்குகளும் சரியாக நம் கண் மட்டத்துக்கு நிற்கின்றன. மூன்று விளக்குகள். சாய்ச்சோ ஏற்றியது, அன்றிலிருந்து அணையவில்லை என்கிறார்கள். தினமும் எண்ணெய் விடுகிறார்கள். ஜப்பானிய மொழியில் கவனக்குறைவுக்கு ‘யுதான்’ என்று சொல், எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் எண்ணெய் அற்றுப்போதல். அந்தச் சொல்லே இந்த விளக்கிலிருந்துதான் வந்தது என்று இங்கே சொல்வார்கள். வீட்டில் ஐம்பது வருடமாகச் சாயங்கால விளக்கு ஏற்றும் அம்மா அங்கிருந்து நகரவே மனமில்லாமல் நின்றார்.

உண்மையில் அந்தத் தீபம் ஒருமுறை அணைந்தது. நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவரப் போரிட்டுவந்த ஒடா நொபுநாகாவின் எதிரிகளான அசாய், அசாகுரா படைகளுக்கு 1570-ல் இந்த மலை இடம் கொடுத்தது. எங்கள் பக்கம் வாருங்கள், பறித்த நிலத்தைத் திருப்பித் தருகிறேன், அதுவும் முடியாதென்றால் சும்மா இருங்கள் என்று நொபுநாகா சொல்லி அனுப்பினார். மலை கேட்கவில்லை. மறு வருடம், 1571-ல், படை நாலாபக்கமும் மலையைச் சூழ்ந்து ஏறியது. துறவி, பெண், குழந்தை என்று பார்க்காமல் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கில் செத்தவர்கள். முன்பே வடக்கே யாமாதேரா என்ற மலைக்கோயிலுக்கு இந்த விளக்கிலிருந்து ஒரு சுடர் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து எடுத்துவந்துதான் மறுபடி ஏற்றினார்கள். இப்போதுள்ள கட்டடம் 1642-ஐச் சேர்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலை முழுக்க ஒரே நாளில் தீக்கிரையானது என்றுதான் நானும் படித்திருந்தேன். பின்னால் நடந்த அகழாய்வில் அந்தக் காலத்துச் சாம்பல் அடுக்கு சில இடங்களில்தான் கிடைத்தது. பல கட்டடங்கள் அதற்கு முன்பே பாழடைந்திருக்கின்றன. துறவிகள் பலர் வசதிக்காக அடிவாரத்து ஊருக்குக் குடிபோயிருந்தார்கள். அப்படியென்றால் பெரும் கொலை நடந்தது நேற்று நாங்கள் கற்சுவரைத் தொட்டுப் பார்த்த அந்தத் தெருக்களில்தானோ என்னவோ. இது தெரிந்தபின் சுவர்களைப் பார்த்த கண்ணே மாறிவிட்டது.

‘சோஹெய்’, அதாவது துறவிப் படையாள், என்று இன்று எல்லோரும் சொல்லும் சொல் அன்றைக்கு இல்லை, பிற்காலத்தில் வந்தது. அன்றைய ஆட்கள் தங்களை ‘தாய்ஷு’, அதாவது சபையோர், என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பழைய போர்க் காவியம் ஒன்றில் இவர்கள் சபை கூடும் காட்சி வருகிறது. எல்லோரும் கிழிந்த காவித் துணியால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு கல்லைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசுபவர் மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றிப் பேசுவார். யார் மூத்தவர், யார் எடுபிடி என்று தெரியக் கூடாது. பிடித்திருந்தால் “மொத்தோமோ, மொத்தோமோ”, சரி சரி என்று கூட்டம் கத்தும். பிடிக்காவிட்டால், இதில் நியாயமில்லை என்று ஒரே குரல். முகத்தை மூடக் கூடாது, ஆயுதம் வைக்கக் கூடாது என்று ர்யோகென் என்ற தலைமைத் துறவி 970-லேயே விதி எழுதினார். எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

முகம் மூடிய அந்தச் சபையில் இருந்தவர்கள் யார்? பிரபுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நூல் படித்தார்கள். தரை பெருக்கி, பூ வைத்து, விளக்குக்கு எண்ணெய் விட்டவர்கள் ‘தோஷு’ என்ற கீழ்வகுப்பு. குத்தகை வசூலிக்கப் போனதும் முன்வரிசையில் நின்றதும் பெரும்பாலும் அவர்கள்தான். 1178-ல் இந்த இரண்டு வகுப்புக்கும் மலையிலேயே சண்டை மூண்டு, அரசுப் படை படிப்பாளிகள் பக்கம் வந்தும் தோஷு அசரவில்லை.

முழங்கால் வலி என்று அம்மா மேற்கு வட்டாரத்தில் பாதிப் படிகளோடு நிறுத்திக்கொண்டார். கீழே இருந்த பெரிய மண்டபத்தை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அது இந்த மலையில் கட்டியதே இல்லை, எதிரிக் கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. அந்தக் கோயிலுக்கு நாளை.

மூன்றாம் நாள்: மீதேரா

ஹியே மலைக்கும் மீதேராவுக்கும் ஒரே நெறி. 993-ல், எந்தக் குருவின் சீடர் வழி தலைமைக்கு வருவது என்ற தகராறில் ஒரு கூட்டம் மலையை விட்டு இறங்கி இங்கே வந்துவிட்டது. அதன் பிறகு, துறவுக்கு தீட்சை கொடுக்கும் மேடையை மீதேரா தனியாக வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை. 1081-ல் ஹியே துறவிகள் வந்து இந்தக் கோயிலைக் கொளுத்தினார்கள். அது முதல் தடவை. அதன்பின் எத்தனையோ முறை. எரிந்து எரிந்து எழுந்ததால் இன்று பீனிக்ஸ் கோயில் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். 1595-ல், நொபுநாகாவுக்குப் பின் நாட்டைக் கையில் எடுத்த ஹிதெயோஷி என்ன கோபத்திலோ இதன் நிலத்தையெல்லாம் பறித்து, முக்கிய மண்டபத்தைப் பெயர்த்து ஹியே மலைக்கே கொடுத்துவிட்டார். நேற்றுப் பார்த்தது அதைத்தான்.

இங்கே பெங்கெய் இழுத்த மணி என்று ஒரு பழைய வெண்கல மணி. நாரா காலத்தது, அதாவது 8-ஆம் நூற்றாண்டு, என்கிறார்கள். ஹியே மலையின் முரட்டுத் துறவி பெங்கெய் இதைக் கொள்ளையடித்து மலைவரை இழுத்துக்கொண்டு போனான், அடித்தபோது அது “இனோ, இனோ” என்று அழுதது, கோபத்தில் பள்ளத்தாக்கில் வீசிவிட்டான் என்பது கதை. ‘இனோ’ என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘வீட்டுக்குப் போகணும்’. நான் குனிந்து பார்த்தேன். மேல்பக்கக் குமிழ்கள் பல உடைந்து போயிருக்கின்றன. ஒரு பக்கம் முழுக்க நீள நீளமான கீறல், கல்லில் உரசி உரசி வந்தது போல. பெங்கெய் இழுத்தானோ இல்லையோ, யாரோ இதை இழுத்திருக்கிறார்கள். அம்மா அதற்கு அடியில் போகும்போது மெதுவாக, “பாவம்” என்றார். மணியைச் சொன்னாரா, இழுத்தவர்களைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

இன்னொரு மணி 1602-ல் வார்த்தது. காசு கட்டினால் நாமே அடிக்கலாம். அம்மா அடித்தார். ஓசை ஏரிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

நான்காம் நாள்: ஊஜி, நாரா

ஊஜிப் பாலத்தில் அரை மணி நேரம்தான். 1180-ல், அன்று அதிகாரத்தில் இருந்த தாய்ரா குலத்துக்கு எதிராகக் கிளம்பிய இளவரசர் மொச்சிஹிதோவுக்கு மீதேரா துறவிகள் துணை வந்தார்கள். பாலத்தின் பலகையைப் பிடுங்கிவிட்டு உத்தரங்களின் மேல் நின்று சண்டை போட்டார்கள். ஜோம்யோ என்ற துறவி சண்டை போட்டுக்கொண்டிருக்க, பின்னால் வந்த இச்சிராய் வழி கிடைக்காமல் அவர் தலைக்கு மேல் கைவைத்துத் தாண்டிக் குதித்தான் என்று காவியம் சொல்கிறது. கியோத்தோவின் கியோன் திருவிழாவில் இன்றும் இந்தக் காட்சியை ஒரு தேரில் வைத்து இழுக்கிறார்கள். போரில் தோற்றார்கள். முதிய தளபதி யோரிமாசா பக்கத்து ப்யோதோயின் கோயிலில் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்.

நாராவில் கோஃபுகுஜி. நாரா இருக்கும் யாமாத்தோ நாட்டுக்குக் காமாகுரா அரசு, அதாவது போர்வீரர்களின் அரசு, ராணுவ ஆளுநரை நியமிக்கவே இல்லை, கோஃபுகுஜிதான் அந்த வேலையைப் பார்த்தது. ஒரு கோயில் ஒரு நாட்டை ஆண்டது என்றே சொல்லலாம். ஹியேவுக்குப் பல்லக்கு என்றால் இவர்களுக்குக் காசுகா தெய்வத்தின் புனித மரம். அதைத் தலைநகருக்குத் தூக்கிவந்தால் ஃபுஜிவாரா பிரபுக்கள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள், அது அவர்கள் குலதெய்வம். இந்தக் கோயிலின் ஹோஸோயின் மடத்துத் துறவி இன்’எய் 16-ஆம் நூற்றாண்டில் சிலுவை போன்ற முனையுள்ள ஈட்டிக்கு ஒரு வித்தையே உருவாக்கினார். அது இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஊஜிக்குச் சில மாதம் கழித்து, அதே 1180-இன் குளிர்காலத்தில், தாய்ரா ஷிகெஹிரா படையோடு நாராவுக்கு வந்தார். இரவில் வெளிச்சத்துக்காகக் குடிசைகளில் வைத்த தீ காற்றில் பரவியது என்பார்கள். கோஃபுகுஜி போனது, தோதாய்ஜி போனது, மாபெரும் புத்தரின் தலை உருகி விழுந்தது. அந்தப் புத்தருக்கு 752-ல் கண்திறப்பு செய்து வைத்தவர் போதிசேனர். தென்னிந்தியப் பிராமணர் என்று அவருடைய பழைய கல்வெட்டுப் பாடமே சொல்கிறது. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம் பக்கத்தவர் என்று நிமிர்ந்து நிமிர்ந்து சிலையைப் பார்த்தார்.

எரிந்ததை எழுப்பும் பொறுப்பு சோகென் என்ற துறவியிடம் வந்தபோது அவருக்கு வயது 61. ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார், தூரத்து மலைகளிலிருந்து மரம் இழுத்துவரச் செய்தார். அவர் எழுப்பிய 1199-ஆம் ஆண்டுத் தெற்கு வாயில் இன்றும் நிற்கிறது. இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்தத் தூண்களுக்குக் கீழேதான். கத்தி எடுத்தவர்களும் துறவிகள், இந்தத் தூணை நிறுத்தியவரும் துறவி. ஷிகெஹிராவைப் பின்னால் பிடித்து நாராத் துறவிகளிடம் ஒப்படைத்தார்கள். 1185-ல் அவர் தலை போனது.

ஐந்தாம் நாள்: ஒசாகா

மழை. கோட்டைக்குள் கூட்டம். எல்லோரும் ஹிதெயோஷியின் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். கண்ணில் படும் மதில் 1620-களில், அவருக்குப் பின் ஆண்ட தொகுகாவா அரசு கட்டியது. ஹிதெயோஷி 1583-ல் தொடங்கியது அதற்கு அடியில் புதைந்திருக்கிறது. அவர் வருவதற்கு முன் இந்த மேட்டில் இருந்தது இஷியாமா ஹோங்கன்ஜி. 1496-ல் ரென்ன்யோ கட்டிய சின்னக் கோயில், பின்பு அகழியும் கரையுமாக ஒரு முழு நகரம். 1570 முதல் 1580 வரை நொபுநாகாவால் இதைப் பிடிக்க முடியவில்லை.

இவர்களை ஹியேத் துறவிகளோடு சேர்த்துப் பேசுவது தவறு. ஷின்ரான் வழிவந்த இந்த நெறியில் குருமார் மணம் செய்துகொள்ளலாம். சண்டைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், படகுக்காரர்கள், வணிகர்கள், கீயி நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள். ‘முன்னேறினால் சொர்க்கம், பின்வாங்கினால் நரகம்’ என்று எழுதிய கொடி ஒன்று ஹிரோஷிமா பக்கத்துக் கோயிலில் இன்னும் இருக்கிறது. 1574-ல் நாகாஷிமாவில் வேலிக்குள் அடைத்துத் தீ வைத்ததில் 20,000 பேர் இறந்ததாக நொபுநாகா தரப்புப் பதிவே சொல்கிறது. கடைசியில் குரு கென்ன்யோ சமாதானத்துக்கு ஒப்பி வெளியேற, கோயில் எரிந்துபோனது. இப்போது மிச்சம் ரென்ன்யோ பெயர் சொல்லும் ஒரு கல்லும், அவர் அங்கவஸ்திரம் தொங்கவிட்டதாகச் சொல்லும் பைன் மரத்தின் அடிக்கட்டையும். குடையோடு நானும் அம்மாவும் மட்டும் அங்கே நின்றோம்.

ஆறாம் நாள்: நெகோரோஜி

பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டோம். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. நிழற்குடையில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டோம்.

வாகாயாமா மாகாணத்தில், மலைச்சரிவில் இருக்கிறது நெகோரோஜி. 1543-ல் போர்த்துகீசியர் தானேகாஷிமா தீவுக்குக் கொண்டுவந்த துப்பாக்கி வெகுசீக்கிரம் இங்கே வந்துவிட்டது. இந்தக் கோயிலின் ஆளே நேரில் போய் வாங்கிவந்தார் என்று மரபு. பிறகு நாட்டிலேயே பேர்பெற்ற துப்பாக்கிப் படை நெகோரோத் துறவிகளுடையது. காசுக்கு மற்றவர்களுக்காகவும் சண்டை போட்டார்கள். இங்கேயும் அதே இரு வகுப்பு: படிப்பவர்கள் ‘காகுர்யோ’, வேலை செய்பவர்கள் ‘க்யோநின்’. துப்பாக்கி இரண்டாமவர் கையில். 1584-ல் இவர்கள் ஹிதெயோஷிக்கு எதிராகத் தொகுகாவா இயெயாசு பக்கம் சாய்ந்தார்கள். மறு வருட வசந்தத்தில் ஹிதெயோஷி பெரும்படையோடு வந்தார். முதலில் வடக்கேயிருந்த காவல் கோட்டைகள் விழுந்தன, பிறகு கோயில். மடங்கள் எல்லாம் எரிந்தன. தப்பியது 1547-ல் முடித்த பெரிய கோபுரமும் 1391-ஆம் ஆண்டு மண்டபம் ஒன்றும், இன்னும் ஓரிரண்டும்தான்.

கோபுரம் 40 மீட்டர் உயரம், முழுக்க மரம். கதவருகே அடிப்பலகையில் குண்டு பாய்ந்த ஓட்டைகள். 1585-ல் பட்டவை என்று பலகை சொல்கிறது. நான் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுதான். ஓரமெல்லாம் மழுங்கி, மரத்தின் நிறமே ஏறியிருக்கிறது. தெரியாமல் பார்த்தால் வண்டு துளைத்தது என்று நினைத்துப் போய்விடுவோம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினார்.

தப்பியவர்களில் படித்தவர்கள் வேறு ஊர்களில் மடம் வைத்தார்கள். கியோத்தோவின் சிஷாகுயின் அப்படி வந்தது. துப்பாக்கிக்காரர்களைத் தொகுகாவா சேர்த்துக்கொண்டார், நெகோரோப் படை என்ற பெயரிலேயே எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டையில் காவல் நின்றார்கள். அந்தக் காவல் மனை இன்னும் தோக்கியோ அரண்மனைத் தோட்டத்தில் இருக்கிறது. 1588-ல் ஹிதெயோஷி நாடு முழுக்க ஆயுதங்களைப் பிடுங்கியபோது, கியோத்தோவில் கட்டும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்கத்தான் இந்த இரும்பு என்று அறிவித்தார்.

பக்கத்திலேயே ஊரின் சின்ன அருங்காட்சியகம். நெகோரோ அரக்குப் பாத்திரங்கள் அங்கே இருக்கின்றன. கோயிலில் தினம் சாப்பிடுவதற்கென்று செய்த கிண்ணம், தட்டு. மரத்துக்கு முதலில் கறுப்பு அரக்கு, அதன் மேல் சிவப்பு. புழங்கப் புழங்கச் சிவப்பு தேய்ந்து கறுப்பு எட்டிப் பார்க்கும். அதற்காகவே இதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. அம்மா ஒரு கிண்ணத்தைக் காட்டினார். உதடு படும் விளிம்பில் சுற்றிலும் கறுப்பு. அடியில், உள்ளங்கையில் வைத்துத் தாங்கும் இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு இன்னொன்று.

“வலது கைக்காரர் இல்லை போல, பாரு,” என்றார். காற்றில் கிண்ணம் பிடிப்பது போல இடது கையை வைத்துப் பார்த்தார், பிறகு வலது கையை.

“சாப்பாட்டுக் குச்சி வலது கையில இருக்கும்மா. கிண்ணத்தை இடது கையிலதான் பிடிப்பாங்க.”

“அப்ப சரி,” என்று இடது கையையே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றார்.